எந்தத் துறை மருத்துவர்?

(மருத்துவம் பயிலும் மாணவர்களையும் அரசு அலுவலர்களையும் நோக்கி ஆற்றப்பட்ட உரை)

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது எருத்தேன்பதி ஊராட்சி. இப்பகுதியில் பெரும்பாலோரின் வீட்டு மொழி தமிழ். ஆட்சி நடப்பது திருவனந்தபுரத்திலிருந்து. சந்தைக்கும் பெரிய மருத்துவமனைக்கும் மக்கள் பலர் நாடுவது பொள்ளாச்சியையும் கோயம்புத்தூரையும். கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் பெருமழையும் பசுமையும் இவ்வட்டாரத்துக்கு முற்றும் பொருந்தா. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்திருப்பதால் இங்கு மழை குறைவு. குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளைப் பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

இத்தகைய ஊரிலிருந்து ஒரு மாணவரோ மாணவியோ மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றால் ஊரே மகிழ்கிறது. மகிழ்ச்சி அடங்கும் முன்பே ஒரு கேள்வி எழுகிறது: என்ன டாக்டர்? இதய டாக்டரா, கண் டாக்டரா, குழந்தை டாக்டரா? முதலாண்டுப் பாடநூலைத் திறக்கும் முன்னரே கேட்கப்படும் இக்கேள்வி, படிப்பு முடியும் வரை மாணவரைத் தொடர்ந்து வருகிறது. விடை தவறினால் இழப்பு மாணவர் ஒருவரோடு நிற்பதில்லை. பொதுப் பணத்தைப் பெருமளவில் செலவிட்டு உருவாக்கப்பட்ட ஒரு மருத்துவரின் வாழ்நாள் உழைப்பு, தேவையுள்ள இடத்துக்குச் சென்று சேராமற் போகிறது. ஆகவே இத்தேர்வு எவ்வாறு நிகழ வேண்டும் என்பது நாட்டு முன்னேற்றத்தைச் சார்ந்த ஒரு பொருளும் ஆகும்.

நோயாளி துறை பிரித்து வருவதில்லை

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லையெனில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் பருகினால், பல் உருவாகும் பருவத்திலுள்ள குழந்தைகளின் பற்களில் வெண்மையும் பழுப்புமான திட்டுகள் தோன்றும். பெரியவர்களுக்கு மூட்டு வலியும், முதுகும் கழுத்தும் விறைத்துப்போகும் நிலையும் ஏற்படலாம்.

இந்நோயுடைய ஒரு குடும்பம் மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். குழந்தையைப் பல் மருத்துவரிடம் அனுப்புவர். தந்தையை எலும்பு மருத்துவர் பார்ப்பார். மூட்டு வாதம் என எண்ணி வலி மாத்திரை தரவும் கூடும். தாயின் வயிற்று உபாதையைப் பொது மருத்துவர் கவனிப்பார். மூவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. ஆயினும் வீட்டில் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறீர்கள் என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்டாலன்றி மூன்று நோய்களுக்கும் மூலம் ஒன்றே என்பது வெளிப்படாது. இந்நோய்க்குத் தலையாய மருந்து நல்ல குடிநீரே. அதனை வழங்குவது மருந்துக் கடையன்று. ஊராட்சியும் குடிநீர்த் துறையும்.

இந்தியாவில் இந்நோய் அடையாளம் காணப்பட்ட வரலாறும் இங்கு நினைக்கத் தக்கது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உழவர் பலர் முதுகு விறைத்து முடமாவதன் காரணத்தைக் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் ஆராய்ந்து, அதற்குக் குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என 1937-ல் வெளியிட்டனர். நோயாளியைப் பரிசோதித்தலும் நீரைப் பகுத்தாய்தலும் ஒன்று சேர்ந்தபோதே உண்மை புலப்பட்டது. மாணவர் பலர் விரும்பி நாடாத ஆய்வுக்கூடத் துறைகளிலிருந்து, பல மாவட்ட மக்களின் முதுகெலும்பைக் காக்கும் அறிவு பிறந்தது. புளோரைடு நோய்த் தடுப்புக்கென மத்திய அரசு தனித் தேசியத் திட்டத்தை 2008–09-ல் தொடங்கியது.

மதிப்பெண்ணின் ஆட்சி

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சி. எம்.டி. அல்லது எம்.எஸ். பட்டத்துக்கு மேலும் 3 ஆண்டுகள். இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற மீச்சிறப்புத் துறைகளில் டி.எம். அல்லது எம்.சி.எச். பெற இன்னும் 3 ஆண்டுகள். இடையில் ஓராண்டும் வீணாகாதிருந்தாலும் பதினொன்றரை ஆண்டுகள் கடந்துவிடும். பதினேழு வயதில் கல்லூரி புகுந்தவர் முப்பதை எட்டும் நிலையில்தான் தம் தொழிலைத் தொடங்குகிறார்.

இவ்வளவு நீண்ட பயணத்தின் திசையை இன்று பெரிதும் தீர்மானிப்பது முதுநிலை நுழைவுத் தேர்வின் தர வரிசை. முன்வரிசையில் நிற்போர் எதை எடுக்கின்றனரோ அதுவே உயர்ந்த துறை என்ற எண்ணம் பரவுகிறது. கதிரியல், பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியவற்றின் இடங்கள் முதற் சுற்றிலேயே விரைந்து நிரம்புகின்றன. உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைத் துறைகளில் இடங்கள் எஞ்சிக் கிடப்பதும் உண்டு. முறையான வேலை நேரம், வருவாய், குடும்ப வாழ்வு, வழக்குகள் பற்றிய அச்சம் ஆகிய அனைத்தும் இத்தேர்வில் பங்கு கொள்கின்றன. இவற்றைக் குறையெனக் கூறுவதற்கில்லை. மருத்துவரும் குடும்பம் உடையவரே. கடன் வாங்கிப் படித்தவர் வருவாயை எண்ணாதிருக்க இயலாது. ஆனால் இவை மட்டுமே அளவுகோலாகும்போது இரண்டு கேள்விகள் கேட்கப்படாமற் போகின்றன: இத்துறை இம்மாணவரின் இயல்புக்கு ஏற்றதா? இத்துறையால் பயன் பெற வேண்டிய மக்கள் எங்கே இருக்கின்றனர்?

மூவர் தேர்ந்த வழி

இக்கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையால் விடை தந்தோர் பலர். அவர்களுள் மூவரை இங்குக் குறிப்பிடலாம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். பேறுகாலத்தில் பெண்கள் இறப்பதைத் தம் குடும்பத்திலேயே கண்டவர். மகப்பேறு மருத்துவராக விரும்பினார். சென்னையில் 1944-ல் மருத்துவப் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. 1948-ல் பணியிலிருந்து விலக நேர்ந்தது. மகப்பேறு மருத்துவம் கைகூடாது என்பது தெளிவாயிற்று. அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களைக் கொண்டே அறுவை செய்யப் பழகினார். 1976-ல், ஓய்வு பெற்ற பின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வையிழந்த ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை அளிக்கும் முறை அங்கு உருப்பெற்று உலகெங்கும் கவனிக்கப்பட்டது. முதலில் விரும்பிய துறை கிடைக்காமற்போவது வாழ்வின் தோல்வியன்று என்பதற்கு அவர் சான்று.

டாக்டர் வி. சாந்தா மகப்பேற்றியலிலும் பெண்கள் நோயியலிலும் உயர்பட்டம் பெற்றவர். அரசு மகளிர் மருத்துவமனையில் உறுதியான பதவி அவருக்குக் காத்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தை அவர் 1955-ல் தேர்ந்தெடுத்தார். புற்றுநோய் என்றால் மீளா நோய் என்றே மக்கள் அஞ்சிய காலம் அது. அத்துறைக்கெனத் தனிப்பட்டப் படிப்பும் அன்று நாட்டில் இல்லை. 2021-ல் மறையும் வரை அவருடைய உழைப்பு அந்நிலையத்துக்கே உரியதாயிருந்தது. வளர்ந்துவிட்ட துறையில் இடம் தேடுவோர் பலர். வளர வேண்டிய துறைக்குச் செல்வோர் சிலரே என்பதை அவர் வரலாறு உணர்த்துகிறது.

மூன்றாமவர் கேரளத்தில் பிறந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளமைக் காலத்தில், 1954-ல் நேர்ந்த ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். முதுகுத்தண்டு அடிபட்டோருக்கும் உறுப்பிழந்தோருக்கும் மறுவாழ்வு அளிப்பது மருத்துவத்தின் பகுதியே என்பது நாட்டில் பரவலாக உணரப்படாத நாளில் அவர் எடுத்த முடிவு அது.

மூவரும் நிறுவனங்களை வளர்த்தவர்கள். எல்லா மருத்துவரும் அவ்வாறு செய்ய வேண்டுமென்பதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த முறையே இங்குக் கருதத்தக்கது. தம் உடலும் மனமும் எதற்கு இசைகின்றன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கவனிப்பாரற்றுக் கிடந்த நோயாளி யார் என்பதையும் கண்டிருந்தனர். இவ்விரண்டும் சந்தித்த இடத்தில் அவர்களுடைய துறை அமைந்தது.

ஒன்றையொன்று தாங்கும் துறைகள்

துறைகளுள் மேல், கீழ் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சமுதாய நல நிலையங்களில் காணலாம். 30 படுக்கைகள் கொண்ட இந்நிலையம் ஒன்று சமவெளியில் 1,20,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 80,000 மக்களுக்கும் பணிபுரிய வேண்டுமென்பது நாட்டின் நியமம். நள்ளிரவில் பேறுகால வலியுடன் ஒரு பெண் கொண்டுவரப்படுகிறார். குழந்தை குறுக்கே கிடக்கிறது. மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். அறுவை அரங்கு இருக்கிறது. மயக்க மருந்து நிபுணர் இல்லை. அப்பெண்ணை வேறு ஊருக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. தாயின் உயிரும் சேயின் உயிரும் அந்நேரத்தில் சாலையின் நீளத்தைப் பொறுத்தவை.

இக்குறையை ஓரளவேனும் நீக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்க மருத்துவத் திறன்களில் 18 வாரப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை அரசு மேற்கொண்டது. மயக்கவியலைத் தேர்ந்தெடுப்பவரின் பெயர் நோயாளிக்குத் தெரியாமலே போகலாம். அவர் இல்லாத இடத்தில் அறுவை மருத்துவரின் புகழுக்குப் பொருளில்லை. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், இரத்த வங்கிப் பணி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

குடும்ப மருத்துவமும் ஒரு துறையே

1946-ல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவுக்குத் தேவையான மருத்துவர் சமுதாய மருத்துவராக விளங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. நோய் வந்தபின் தீர்ப்பதோடு நில்லாமல், நோய் வராதவாறு மக்களை வழிநடத்துபவரே அவர். 1975-ல் ஸ்ரீவத்சவா குழு, மருத்துவக் கல்வி நகர மருத்துவமனைகளையே சுற்றி அமைந்து கிராமத்தின் தேவையிலிருந்து விலகியிருப்பதைச் சுட்டிக் காட்டியது. 1978-ல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ஆல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, அனைவருக்கும் நல்வாழ்வு என்ற இலக்கை அடைய ஆரம்ப சுகாதாரப் பணியே வழி என்று அறிவித்தது.

இவற்றின் சாரமாகக் கொள்ளத் தக்கது குடும்ப மருத்துவம். முதுநிலைப் பயிற்சியும் பட்டமும் இத்துறைக்கு இந்தியாவில் உள்ளன. தாத்தாவின் நீரிழிவு, தாயின் இரத்தசோகை, குழந்தையின் காய்ச்சல், இளைஞனின் மனச்சோர்வு ஆகிய யாவற்றையும் ஒரே குடும்பத்தின் வரலாறாகக் காண்பவர் குடும்ப மருத்துவர். எருத்தேன்பதியின் புளோரைடு நோயை முதலில் ஐயுற வேண்டியவரும் அவரே. எல்லா நோய்க்கும் தாமே மருந்து தருவது அவர் வேலையன்று. யாரை, எப்போது, எங்கு அனுப்ப வேண்டும் என்பதை அறிவதே அவருடைய சிறப்புத் திறன். கேரளத்தில் 2017-ல் தொடங்கிய ஆர்த்திரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக உயர்த்தத் திட்டமிட்டது. கட்டடமும் கருவியும் உயர்ந்தால் போதாது. அங்கு அமர்வதைத் தாழ்வெனக் கருதாத மருத்துவர் தேவை. வேறு எதுவும் கிடைக்காதவர் ஏற்கும் இடம் இது என்ற எண்ணம் மறைய வேண்டும்.

மொழியும் ஒரு கருவி

நோயை அறிவதில் பாதி வேலை நோயாளியின் சொல்லைக் கேட்பதிலேயே முடிந்துவிடுகிறது. குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், மதமதப்பு ஆகிய ஐந்தும் தமிழ் பேசுவோருக்கு ஐந்து வேறு உணர்வுகள். மதமதப்பு என்ற சொல் நரம்பை நோக்கி மருத்துவரைத் திருப்பக்கூடும். குடைச்சல் என்பது எலும்பையும் மூட்டையும் நோக்கித் திருப்பக்கூடும். இவற்றையெல்லாம் வலி என்ற ஒரே சொல்லில் அடக்கி எழுதினால் நோயறிதலின் முதற் படியே வழுக்கிவிடும்.

எல்லைப்புற ஊர்களில் இது நாள்தோறும் எழும் இடர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் பல தலைமுறையாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. மலைச் சரிவில் சுமையுடன் ஏறி இறங்கும் பெண் தன் முதுகு நோவைத் தன் மொழியில் சொல்ல முடிய வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசும் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத வழி செய்துள்ளது. மனுவுக்குக் கிடைத்த அவ்வுரிமை மருத்துவரின் மேசையிலும் உயிர் பெற வேண்டுமாயின், இம்மண்ணில் பிறந்து தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த இளைஞர் மருத்துவராக வேண்டும். மனநல மருத்துவம், குழந்தை மருத்துவம், முதியோர் மருத்துவம், குடும்ப மருத்துவம் போன்ற துறைகளில் சொல்லே முதற் கருவி. எருத்தேன்பதி மாணவருக்கு இரு மொழியும் தாமாகவே வாய்த்துள்ளன. எந்தத் தர வரிசைப் பட்டியலிலும் இடம் பெறாத இத்தகுதியை அவர் குறைவாக மதிப்பிடலாகாது.

மாணவர் தம்மை அறியும் வழி

துறையைத் தேர்வதற்கு உரிய காலம் முதலாண்டு அன்று. உள்ளுறைப் பயிற்சிக் காலமே. அவ்வோராண்டில் மாணவர் பல துறைகளையும் சுற்றி வருகிறார். நுழைவுத் தேர்வுக்கான நூல்களில் மூழ்கி அவ்வாண்டைக் கழிப்போர், பிற்கால வாழ்வை அறிய அமைந்த ஒரே வாய்ப்பை இழக்கின்றனர்.

ஒவ்வொரு துறையிலும் அவர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, அத்துறையின் அரிய நோய் தரும் வியப்பு அன்று. அதன் அன்றாட வேலை. அறுவை மருத்துவரின் பெரும்பொழுது புண்ணைக் கட்டுவதிலும் நோயாளியைக் கண்காணிப்பதிலும் கழிகிறது. அதனைச் சலிப்பின்றிச் செய்ய இயலுமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, காலத்தின் வேகம். நொடியில் முடிவெடுக்கும் அவசரப் பிரிவில் தெளிவு பெறுவோர் உண்டு; பல மாதங்கள் பொறுத்திருந்து பயன் காணும் மனநலப் பிரிவில் நிறைவு பெறுவோரும் உண்டு. மூன்றாவது, உடல் இயல்பு: கை நுட்பம், பார்வை, நெடுநேரம் நிற்கும் ஆற்றல். நான்காவது, ஐம்பது வயதிலும் இவ்விரவுப் பணி இயலுமா என்பது. இதற்கு விடை அத்துறையின் மூத்த மருத்துவரைக் கேட்டால் கிடைக்கும். ஐந்தாவது, அத்துறை எத்தனை கருவிகளைச் சார்ந்துள்ளது என்பது. பெருநகரில் மட்டுமே இயங்கக்கூடிய துறையைத் தேர்ந்துவிட்டு ஊருக்குத் திரும்ப எண்ணுவது பின்னர் வருத்தத்தையே தரும்.

பெற்றோர் விருப்பம் மதிக்கத்தக்கது. ஆயினும் அண்டை வீட்டாரின் வியப்புக்காக ஒரு துறையை ஏற்கச் செய்வது, நாற்பதாண்டு உழைப்பை ஒரு நாள் பெருமைக்கு விலையாகக் கொடுப்பதாகும்.

அரசின் கடமை

மாணவரை மட்டும் அறிவுறுத்திவிட்டு அரசு ஒதுங்கி நிற்க இயலாது. ஊரகத்தில் பணியாற்றுபவர் மேற்படிப்பு வாய்ப்பை இழப்பாரானால் எவரும் அங்குச் செல்லார். பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதுநிலை மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி பெறும் முறையும் இப்போது நடைமுறையில் உள்ளது. இவை நல்ல தொடக்கங்கள். இவற்றுடன் குடியிருப்பு, குழந்தைகளுக்குப் பள்ளி, இரவில் பாதுகாப்பு, துணைத் துறைகளின் மருத்துவர் ஆகியவை சேர வேண்டும். அறுவை மருத்துவரை நியமித்துவிட்டு மயக்க மருந்து நிபுணரின் பதவியைக் காலியாக வைப்பது, வண்டியை வாங்கி மாட்டை வாங்காதது போன்றதே.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு தேவையும் உண்டு. எருத்தேன்பதி நோயாளி மாநில எல்லையைக் கடந்து சிகிச்சை பெற்றுத் திரும்பும்போது, அங்கு எழுதப்பட்ட குறிப்பு இங்குள்ள சுகாதார நிலையத்துக்கும் வந்து சேர வேண்டும். நோய்க்கு மாநில எல்லை தெரியாது. மருத்துவக் குறிப்புக்கும் அது தடையாகலாகாது.

எருத்தேன்பதியிலிருந்து கல்லூரி செல்லும் மாணவரை நோக்கி ஊரார் கேட்கும் கேள்விக்கு இனி விடை காணலாம். எந்தத் துறைக்கு மதிப்பு அதிகம் என்று தேடுபவருக்கு விடை ஆண்டுதோறும் மாறும். இன்று உச்சியிலுள்ள துறை நாளை இறங்கலாம். தம் கைக்கும் மனத்துக்கும் இசைந்த பணி எது, அது கிடைக்காமல் காத்திருப்பவர் யார் என்று தேடுபவருக்கு விடை அவ்வாறு மாறுவதில்லை. கிணற்று நீரைப் பற்றிக் கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவருக்காகச் சித்தூரின் கிழக்கு ஊர்கள் காத்திருக்கின்றன. அவர் எலும்பு மருத்துவராகவும் இருக்கலாம். பல் மருத்துவராகவும், ஆய்வுக்கூட அறிஞராகவும், குடும்ப மருத்துவராகவும் இருக்கலாம். அக்கேள்வியைக் கேட்பதற்கு எந்தத் துறையும் தடையில்லை.